மாமியார் பிடுங்கிய கார்டு

அறுபத்து மூன்று மணி நேரம் மாமியார் ஓயவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தொடங்கியவள், திங்கள் காலை ஒன்பது மணிக்கு மெக்கானிக் வந்து சுவிட்சை அணைக்கும்வரை, ரீடர் மேல் கார்டை வைப்பதும் வேலை முடியுமுன் வெடுக்கென்று பிடுங்குவதுமாகவே இருந்தாள்.

மாமியார் என்பது ஓர் இயந்திரக் கை. பழைய பிரிண்டரின் மோட்டாரையும் ஒரு மரச்சட்டத்தையும் சேர்த்து மெக்கானிக் செய்தது. அடுத்தவர் செய்கிற வேலையைப் பாதியில் பிடுங்குவதுதான் அதன் பிழைப்பு என்பதால் அந்தப் பெயர். பெயர் வைத்தவள் அண்ணி. அப்போது அவளுடைய நாத்தனார் அந்த அலுவலகத்தில் சேரவில்லை. சேர்ந்த முதல் நாளே, "யாரு, எங்கம்மாவையா சொல்றீங்க?" என்று இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். அறையே சிரித்தது. பெயர் வைத்தது ஒருத்தி, கைதட்டல் வாங்கியது இன்னொருத்தி. அன்றைக்கே அண்ணிக்கு உள்ளே ஏதோ சுருக்கென்றது.

அண்ணிக்கு அங்கே எட்டு வருஷம். முதல் ஏழு வருஷமும் அவள் எல்லோருக்கும் மேடம். நாத்தனார் வந்து "அண்ணி, அந்த ஒயரை இப்படித் தள்ளுங்க" என்று கூப்பிட்ட முதல் வாரத்திலேயே பக்கத்து மேஜைக்காரர்கள் அண்ணி என்றார்கள். அடுத்த வாரம் அவளைவிடப் பத்து வயது மூத்த மெக்கானிக்கும் அண்ணி என்றார். மாதக் கடைசியில் மேலாளரே, "அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க" என்று எழுதி அனுப்பினார். எழுதிய பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார், ஆனால் அழிக்கவில்லை. அலுவலகத்துக்கே அண்ணியாகிவிட்டாள். யாருடைய அண்ணி என்றால், நாத்தனாருடைய அண்ணி.

இத்தனைக்கும் நாத்தனாரை வேலைக்குச் சிபாரிசு செய்தவளே இவள்தான்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது மாத்திரை கார்டு. சின்னச் சின்ன ஊர்களில் சிதறிக்கிடக்கும் இருபது மருத்துவ நிலையங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வாரம் ஒருமுறை எந்த நிலையத்திலாவது கார்டைக் காட்டி மாத்திரை வாங்கிக்கொள்ளலாம். ஒரே வாரத்தில் இரண்டு முறை கொடுத்துவிட்டாலும் ஆபத்து. கொடுக்காமலே கொடுத்ததாகக் கணக்கு ஏறிவிட்டாலும் ஆபத்து. இந்த வாரத்துக்குக் கொடுத்தாயிற்றா இல்லையா என்கிற ஒரே கேள்விக்கு எல்லா நிலையங்களும் ஒரே பதிலைச் சொல்லியாக வேண்டும்.

அண்ணி போட்ட பழைய திட்டத்தில் கார்டு வெறும் அடையாளம். கணக்கெல்லாம் தலைமை கம்ப்யூட்டரில். இன்டர்நெட் லைன் இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. லைன் போய்விட்டால் நிலையத்தில் இருக்கிறவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நோயாளியை நாளைக்கு வரச்சொல்வார்கள்.

நாத்தனார் சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு கூட்டத்தில் கேட்டாள். "கார்டுக்குள்ளயும் ஒரு மூளை இருக்குல்ல அண்ணி, அதை ஏன் சும்மா உக்கார வச்சுச் சோறு போடறோம்?"

கார்டே கணக்கை வைத்துக்கொள்ளட்டும் என்றாள். நிலையமும் தன் பங்குக்குக் குறித்துக்கொள்ளட்டும். லைன் வரும்போது எல்லோரும் ஒப்பிட்டுப் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

"எழுதிட்டிருக்கும்போதே நோயாளி கார்டை எடுத்துட்டா?" என்றாள் அண்ணி. நோயாளிகள் அப்படித்தான் எடுப்பார்கள். யாருக்கும் பொறுமை கிடையாது.

"வீடு மாத்தற மாதிரிதான் அண்ணி. சாமானெல்லாம் புது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதானே பழைய வீட்டுச் சாவியைத் திருப்பிக் குடுப்போம்? கார்டு புதுக் கணக்கைப் பழைய கணக்குக்குப் பக்கத்துல எழுதும். முழுசா எழுதி முடிச்ச பிறகுதான் பழசை விடும். நடுவுல பிடுங்கினா பழைய வீட்டுலயே இருக்கும். நடுத்தெருவுல மட்டும் நிக்காது."

மேலாளர் கைதட்டினார். அவருக்கு அலுவலகத்தில் மூணு நிமிஷம் என்று பெயர். எதைச் சொல்லப் போனாலும் "மூணு நிமிஷத்துல சொல்லுங்க" என்பார். இவள் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டாள்.

அந்தக் கார்டுக்குத்தான் இப்போது சோதனை. மாமியாரிடம் ஒரு முறைகூடப் பிசகாமல் தேறினால் இருபது நிலையங்களுக்கும் நாத்தனாரின் கார்டு போகும். பிசகினால் பழைய திட்டமே தொடரும். நாத்தனாரை இப்போது வைத்திருப்பது இந்த ஒரு வேலைக்காகத்தான் என்பதால், அவள் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான். திங்கள் மாலை ஐந்து மணிக்கு மருத்துவ நிலையக்காரர்களுக்கு முடிவு சொல்வதாக மூணு நிமிஷம் வாக்குக் கொடுத்திருந்தார். ரீடருக்கான நிரல் மட்டும் பழைய திட்டத்திலும் புதியதிலும் அண்ணி எழுதியது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் மூவரும் சாப்பிட்டார்கள். அண்ணியின் கணவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறவன். தங்களோடு இருக்கும் தங்கையைக் குட்டி என்றுதான் கூப்பிடுவான்.

"குட்டி, நாளைக்கு இந்நேரம் நீ பெரிய ஆளு. எங்க வீட்டு மூளையெல்லாம் இவளுக்கே போயிடுச்சு. எனக்கு மிச்சம் இருந்தது கிளட்சும் பிரேக்கும்தான்."

"அண்ணா, வாயை வச்சுட்டு சும்மா இரு. இன்னும் முடியல."

"ஏன், நான் இல்லையா இந்த வீட்டுல?" என்றாள் அண்ணி சிரித்துக்கொண்டே.

"நீ இருக்கம்மா. ஆனா உன் மூளை உங்க அப்பா வீட்டுக் கணக்குல வரும்."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அவளும் சிரித்தாள். காரம் ஜாஸ்தி என்று சொல்லி இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். எரிந்தது காரத்தினால் இல்லை.

சாப்பாடு முடிந்ததும் நாத்தனார் சோபாவில் குப்புறப் படுத்துத் தூங்கிப்போனாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை. சோதனை அறைக்கு இரண்டே சாவி. ஒன்று மெக்கானிக்கிடம். இன்னொன்று வாசல் கதவருகே கொக்கியில், நாத்தனாரின் குடைக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மூணரை மணி வாக்கில் அண்ணி அதை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"தையல்கடை வரைக்கும் போயிட்டு வரேன்."

"ஞாயித்துக்கிழமை எந்தத் தையல்கடைம்மா திறந்திருக்கும்?"

"திறந்திருந்தா பாக்கறேன். இல்லாட்டி வந்துடறேன்."

சோதனை நடக்கும்போது யாரும் உள்ளே போகக்கூடாது என்பது அந்த அலுவலகத்து விதி. அந்த விதியை எழுதியவளும் அவள்தான். அலுவலகத் தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கும் அறையை மெல்லத் திறந்து, விளக்கைப் போடாமல் நின்றாள். ஜன்னல் திரை வழியாக வந்த வெளிச்சம் போதுமானதாக இருந்தது. மாமியார் வைத்தாள், பிடுங்கினாள். வைத்தாள், பிடுங்கினாள். ஒவ்வொரு பிடுங்கலுக்குப் பிறகும் திரையில் எண் ஒன்று கூடியது. அதற்குக் கீழே "பிசகு" என்று எழுதியிருந்த இடத்தில் பூஜ்யம் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு வருஷத்தில் அவளுடைய எந்த நிரலும் முதல் சோதனையில் தேறியதில்லை. உடைந்து, ஒட்டி, மறுபடி உடைந்து, அதற்கப்புறம்தான் நிற்கும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று அவள் நம்பியிருந்தாள்.

கிட்டே போனாள். ரீடரின் பச்சை விளக்கு தெரிகிற அளவுக்கு மேஜை மேல் குனிந்தாள்.

"உடைஞ்சு தொலையேன்," என்றாள் வாய்விட்டு.

தன் குரலைக் கேட்டதும் அவளுக்கே கூச்சமாகிவிட்டது. திரையைத் திரும்பிப் பார்க்காமல் கதவைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வழியில் தையல்கடை மூடித்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சாவியைக் கொக்கியில் மாட்டும்போது நாத்தனார் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

திங்கள் காலை மெக்கானிக் மாமியாரை நிறுத்தினார். நான்கு பேரும் திரையைச் சூழ்ந்து நின்றார்கள். தொண்ணூறாயிரம் பிடுங்கலுக்கு மேல் ஆகியிருந்தது. பிசகு: ஒன்று.

 மெக்கானிக்தான் மெல்ல, "தொண்ணூறாயிரத்துல ஒண்ணு சார். எங்க வீட்டு மிக்சி பத்துக்கு மூணு தடவை மக்கர் பண்ணுது," என்றார்.

"உங்க மிக்சியை யாரும் நெஞ்சுவலிக்குச் சாப்பிடறதில்லையே," என்றார் மூணு நிமிஷம். "அந்த ஒண்ணு நம்ம வீட்டு ஆளா இருந்தா? என்ன ஆச்சு அதுல?"

நாத்தனார் படித்தாள். அவள் குரல் தேய்ந்திருந்தது. "மாத்திரை குடுத்தாச்சுன்னு ரீடர் குறிச்சிருக்கு. கார்டுல குடுத்ததா இல்ல. நேத்து சாயந்திரம் நாலு இருபதுக்கு."

அண்ணியின் தொண்டையில் சர்க்கரை கரைந்த மாதிரி இருந்தது. ஒரு கணம்தான். அடுத்த கணமே நாலு இருபது என்பது காதில் விழுந்தது. நாலு இருபதுக்கு அவள் அந்த மேஜை மேல் குனிந்திருந்தாள்.

கண்ணு பட்டுடுச்சா என்று நினைத்தாள். இயற்பியல் படித்தவள், தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டாள். சிரிப்பு சரியாக வரவில்லை.

தாழ்வாரத்தில் நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, எங்க தப்புன்னு நீங்க கொஞ்சம் பாருங்களேன். எனக்கு மண்டை ஓடல. திரும்பத் திரும்ப அதையே படிச்சுட்டிருக்கேன்."

"பாக்கறேன் போ. முதல்ல மூஞ்சியைக் கழுவு."

பார்க்கத்தான் உட்கார்ந்தாள். அந்தப் பிசகு நாத்தனாரின் பக்கம்தான் என்று பெயர் போட்டு முடித்துவிடுகிற எண்ணத்தோடுதான் உட்கார்ந்தாள். கார்டில் எழுதும் பகுதியை வரிவரியாகப் படித்தாள். குற்றம் சொல்ல ஓர் இடம் கிடைக்கவில்லை. பழைய வீடு, புது வீடு, சாவி, எல்லாம் அவள் சொன்னபடியே இருந்தன. படிக்கப் படிக்க ஆத்திரம் கூடியது. இவ்வளவு சின்னதாகவும் இவ்வளவு சுத்தமாகவும் எழுத முடியும் என்று எட்டு வருஷமாக ஏன் தனக்குத் தோன்றவில்லை?

பன்னிரண்டு மணி வாக்கில், அதே நிலையைத் தன் மேஜையிலேயே வரவழைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தாள். சோதனைக்கு ஒரு கார்டு வேண்டும். மெக்கானிக்கிடம் கேட்கச் சோம்பலாக இருந்தது. அந்தக் குழுவில் எல்லோரும் மாத்திரை கார்டின் மாதிரி ஒன்றையே அடையாள அட்டையாகக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள். வாசல் கதவும் அதில்தான் திறக்கும். அவள் தன்னுடையதைக் கழற்றி ரீடரில் வைத்தாள்.

கொடுத்தது: ஒன்று.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். ஒன்றுதான். அந்தக் கார்டில் அவள் இதுவரை வாசலைத் திறந்ததைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை. பூஜ்யம் இருக்க வேண்டிய இடம் அது.

கார்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கண் படவில்லை. கார்டுதான் பட்டது. அவள் குனிந்தபோது கழுத்துப் பட்டையில் இருந்த கார்டு முன்னே தொங்கி ரீடருக்குக் கிட்டே போயிருக்கிறது. மாமியார் தன் கார்டைப் பாதியில் பிடுங்கினாள். ரீடர் வழக்கம்போல, விட்ட வேலையைத் தொடரலாமா என்று மறுபடி கேட்டது. அந்த நேரத்தில் எதிரே இருந்தது அவளுடைய கார்டு. அது தொடர்ந்து முடித்துக் கொடுத்தது. இது முதலில் வந்த அதே கார்டுதானா என்று ரீடர் கேட்கவில்லை. கேட்கும்படி அவள் எழுதவில்லை. பழைய திட்டத்தில் அதற்குத் தேவை இருக்கவில்லை.

பிசகு நாத்தனாருடையது இல்லை. ரீடருடையது. அதாவது இவளுடையது.

அதோடு, நிஜமாகவே நடக்கக்கூடியதுதான் அது. கணவன் மனைவி இருவரும் நோயாளிகள், ஒரே பர்ஸில் இரண்டு கார்டு. வரிசையில் பின்னால் நிற்கிறவர் அவசரத்தில் கையை நீட்டுகிறார். ஒருவருக்கு மாத்திரை போகும், இன்னொருவர் கணக்கில் ஏறும். நாலே வரியில் சரிசெய்துவிடலாம். அரை மணி நேரத்தில் எழுதி, இரண்டு கார்டுகளை மாற்றி மாற்றி நீட்டிப் பார்த்தாள். ரீடர் இரண்டாவது கார்டை உதறியது.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று தோன்றியது. தான் அங்கே போனதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. யாராலும் கண்டுபிடிக்க முடியாததைத் தான் கண்டுபிடித்ததாகச் சொல்லலாம். குழந்தை திணறிக்கொண்டிருக்கும்போது பெரியவள் வந்து காப்பாற்றினாள் என்றாகும். நாத்தனாரின் கார்டும் பிழைக்கும், பேரும் இவளுக்கு வரும். மத்தியானச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

நாலரைக்கு மூணு நிமிஷத்தின் அறையில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். அண்ணி இரண்டு கார்டுகளை மேஜையில் வைத்துச் செய்துகாட்டினாள். ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றை நீட்டினாள், பழைய நிரல் ஏமாந்தது. புதியதை ஏற்றி மறுபடி செய்தாள், ஏமாறவில்லை. ஒரு தடங்கல் இல்லாமல் பேசினாள்.

"ஆக, கார்டுல தப்பே இல்லைங்கறீங்க," என்றார் மூணு நிமிஷம்.

"இல்ல சார். கார்டு சுத்தம். ரீடர்லதான் ஒரு கேள்வி விட்டுப்போச்சு. அது என் பக்கம். சரிபண்ணிட்டேன்."

"அண்ணின்னா அண்ணிதான்!" என்று நாத்தனார் துள்ளி எழுந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. மேலாளர் மேஜையைத் தட்டினார். "அஞ்சு மணிக்குத் தெம்பாப் பேசலாம். உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தா போதும்மா."

அந்த ஒரு வாக்கியத்துக்காக, நாத்தனார் சேர்ந்ததிலிருந்து எட்டு மாதம் அவள் காத்திருந்தாள். அதை இன்னும் முழுசாகச் சுவைத்து முடிக்கவில்லை, மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"எல்லாம் சரி அண்ணி. ஆனா ஒண்ணு புரியல. மாமியார்கிட்ட இருந்தது ஒரே கார்டு. பூட்டின ரூமுக்குள்ள ரெண்டாவது கார்டு எங்கிருந்து வந்துச்சு?"

 மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சாவி யார்கிட்ட இருந்தது?"

"ஒண்ணு என்கிட்ட. நான் சனி, ஞாயிறு ரெண்டு நாளும் மச்சான் வீட்டு விசேஷத்துல இருந்தேன் சார், ஊருக்கே தெரியும்," என்றார் மெக்கானிக்.

"இன்னொண்ணு?"

"என்கிட்ட சார்," என்றாள் நாத்தனார். "ஆனா நான் நேத்து வீட்டைவிட்டு வெளியிலயே..."

பாதியில் நிறுத்தினாள். அவள் பார்வை மேஜை மேல் இருந்த இரண்டு கார்டுகளில் நின்றது. அவற்றில் ஒன்று கழுத்துப் பட்டையோடு கிடந்தது. கொக்கியும், சாவியும், ஞாயிற்றுக்கிழமைத் தையல்கடையும் அவள் முகத்தில் ஒவ்வொன்றாகக் கடந்துபோவதை அண்ணி பார்த்தாள். கெட்டிக்காரி. அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

நாத்தனார் அண்ணியை ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மேலாளர் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் சார் வந்தேன். மனசு கேக்கல. சும்மா எட்டிப் பாத்துட்டுப் போயிட்டேன்."

"உன் கார்டுக்குச் சோதனை நடக்குது, நீயே உள்ள போனியா?" மூணு நிமிஷத்தின் குரல் மாறிவிட்டது. "அப்புறம் இந்தச் சோதனைக்கு என்னம்மா மரியாதை? தொண்ணூறாயிரம்னு நான் யார்கிட்ட போய்ச் சொல்றது? நீ உள்ள என்ன பண்ணினேன்னு கேட்டா?"

"ஒண்ணும் பண்ணல சார்."

"அதை யார் நம்புவாங்க? உன்னை வச்சுட்டு நான் எப்படிம்மா இந்த வேலையை மேல கொண்டுபோறது?"

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். வாதாடவில்லை. அழவுமில்லை. மெக்கானிக் இரக்கத்தோடு அவளைப் பார்த்தார்.

அண்ணிக்குக் காதெல்லாம் சுட்டது. முதலில் வந்தது நன்றி இல்லை. இதிலும் முந்திக்கொண்டாளே என்பதுதான். மூளையில் முந்தினாள், பேச்சில் முந்தினாள், இப்போது பெருந்தன்மையிலும். இனி வீட்டில் ஒவ்வொரு வேளையும் இவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இவள் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டமாட்டாள். "அண்ணி, தண்ணி குடுங்க" என்பாள், அவ்வளவுதான். வேலையை இழந்துவிட்டு, அதே சோபாவில் நிம்மதியாகத் தூங்குவாள். அதைக் காலமெல்லாம் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? திட்டு வாங்குவதைக்கூட இவளுக்கே விட்டுக்கொடுக்க வேண்டுமா? அதுவாவது தன்னுடையது இல்லையா?

"அவ பொய் சொல்றா சார்," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். "அண்ணி, வேணாம்," என்றாள் நாத்தனார் மெதுவாக.

"நீ சும்மா இருடி. எல்லாத்தையும் நீயே எடுத்துக்காத." அவள் பட்டையோடு கிடந்த கார்டை எடுத்து மேலாளர் முன்னால் வைத்தாள். "இது என்னோடது. இதுல ஒண்ணு ஏறியிருக்கு. சாவியை எடுத்துட்டு வந்தது நான். இவ வீட்டுல தூங்கிட்டிருந்தா."

மேலாளர் கார்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீங்களா? விதியை எழுதினதே நீங்கதானே. நீங்க எதுக்கு வந்தீங்க?"

சரிபார்க்க வந்தேன் என்று சொல்லலாம். பொறுப்பு என்று சொல்லலாம். இரண்டும் வாய்வரை வந்தன. நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ கார்டு உடையணும்னு வந்தேன் சார். உடையறதைக் கண்ணால பாக்கணும்னு."